கூட்டின் வாசலில்

பறவைகளை நேசிப்பதாகச் சொல்வோர் பலர். அந்த நேசத்தின் தரம் அவர்கள் ஒரு கூட்டின் வாசலில் நிற்கும்பொழுதே தெரியவரும். மரக்கிளையில் அமர்ந்திருக்கும் பறவைக்கு வெறுங்கையுடன் நிற்கும் மனிதனால் பெருந்தீங்கு எதுவும் நேர்வதில்லை. அவன் வரவு பிடிக்காவிட்டால் அது சிறகை விரித்து அகன்றுவிடும். கூட்டிலே முட்டையையோ குஞ்சையோ வைத்திருக்கும் பறவைக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. அகன்றால் குஞ்சு குளிரில் விறைக்கும். அணுகினால் மனிதனின் கண்ணுக்குக் கூட்டைக் காட்டிக்கொடுத்ததாகும். இந்த இக்கட்டில் அது தவிக்கும் வேளையில், சில அடி தூரத்தில் கமராவுடன் ஒருவன் அமர்ந்திருக்கின்றான். தான் பொறுமையாக இருப்பதாக அவன் எண்ணிக்கொள்கின்றான். பொறுமைக்குரிய விலையை யார் கொடுக்கின்றார்கள் என்பதை அவன் எண்ணிப் பார்ப்பதில்லை.

பண்டாரவளைக்கு அண்மையிலுள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றிலே பிறந்து, பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்திலே பயிலும் இளைஞன் ஒருவன் அவ்வாறு எண்ணிப் பார்க்க நேர்ந்தது. அதற்கு அவனுக்கு ஓராண்டு சென்றது. மூன்று குஞ்சுகளின் உயிரும் சென்றது.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,230 மீற்றர் உயரத்தில் அமைந்த ஊர் பண்டாரவளை. தென்மேற்குப் பருவமழை மத்திய மலைகளின் மறுபக்கத்திலேயே பெரும்பாலும் பெய்து ஓய்ந்துவிட, ஊவாச் சரிவுகளில் ஆடி, ஆவணி மாதங்களிலே வறண்ட காற்று வீசும். ஊவாத் தேயிலையின் தனி மணத்துக்குக் காரணம் அந்தக் காற்றே என்பர். மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் ஊரின் இயல்பு வேறு. காலை தெளிந்திருக்கும், பிற்பகலில் இடியுடன் மழை இறங்கும், மாலையில் பனிப்புகார் லயன்களின் கூரைவரை வந்து படியும். இப்பருவத்திலேதான் மலைகளின் ஓரத்து மண்திட்டுகளில் கறுப்பு வெள்ளைப் புதர்ச்சிட்டு கூடு கட்டும்.

தேயிலை மலைகளில் நடந்தவர்கள் இப்பறவையைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஆண் கன்னங்கரியது, சிறகிலே வெள்ளைப் பட்டை உண்டு. பெண் மங்கிய கபில நிறத்தது. செடியின் உச்சியில் நிமிர்ந்து அமர்ந்து வாலை ஆட்டும். தரையில் ஒரு பூச்சி அசைந்தால் குதித்து எடுத்து மீண்டும் அதே உச்சிக்கு வரும். இலங்கையின் மலைநாட்டுக்கேயுரிய ஓர் உபஇனமாக இது கணிக்கப்படுகின்றது. மரத்திலே கூடு கட்டாது. பாதையோரத் திட்டிலுள்ள வங்கில் புல்லையும் வேரையும் மெத்தையாக்கி அதன்மேல் முட்டையிடும். பெண் மட்டுமே அடைகாக்கும். ஏறத்தாழப் பன்னிரண்டு நாளில் குஞ்சு வெளிவரும். அதன்பின் இரண்டு வாரமளவில் தாயும் தந்தையும் மாறிமாறிப் புழு கொண்டுவந்து ஊட்டும்.

ஒரு சித்திரை விடுமுறையில் இளைஞன் வீடு வந்திருந்தான். கொழும்புக் கடையொன்றில் வேலை செய்யும் மாமன் மகன் வாங்கிக் கொடுத்த பழைய கமரா ஒன்று அவன் கையில் இருந்தது. தோட்டத்து வண்டிப்பாதையின் ஓரத்திலே ஒரு புதர்ச்சிட்டு அலகில் பச்சைப் புழுவைக் கௌவியபடி செடிக்குச் செடி தாவுவதைக் கண்டான். வாயில் இரையை வைத்துக்கொண்டு விழுங்காமல் அலையும் பறவைக்கு அண்மையில் கூடு இருக்கின்றது என்பது தோட்டத்துப் பிள்ளைகள் அனைவரும் அறிந்த உண்மை. அவன் பாதையிலேயே குந்தியிருந்தான். அரை மணி நேரத்தின் பின் பறவை தாங்கமாட்டாமல் திட்டின் ஒரு மூலைக்குள் மறைந்தது. அங்கே பன்னமும் மானாப்புல்லும் கவிந்திருந்த வங்கினுள்ளே மூன்று குஞ்சுகள் வாய்பிளந்து கிடந்தன.

படமெடுக்கப் புல் தடையாக இருந்தது. கமராவின் கண் புல்லைத் தாண்டி உள்ளே செல்லவில்லை. அவன் வீட்டுக்குச் சென்று கவ்வாத்துக் கத்தியை எடுத்து வந்து, வங்கின் வாயை மூடியிருந்த புல்லை அரிந்து அப்புறப்படுத்தினான். இரண்டு மீற்றர் தூரத்தில் அமர்ந்தான். பெண் பறவை நெடுநேரம் அருகே வரவில்லை. செடியின்மேல் நின்று சரளைக்கற்கள் உரசுவது போன்ற குரலில் விடாமல் கத்தியது. ஒன்றரை மணி நேரத்தில் மூன்று தடவை மட்டுமே இரை கொண்டுவந்தது. மூன்றாவது தடவை, வங்கின் வாயில் அது சிறகை விரித்த கணத்தில், மூன்று சிவந்த வாய்களும் ஒருங்கே மேலெழுந்தன. படம் மிகத் தெளிவாக விழுந்தது.

மறுநாட்காலை சென்று பார்த்தான். வங்கு வெறுமையாக இருந்தது. உள்ளே இருந்த வேர்மெத்தை வெளியே இழுபட்டுக் கிடந்தது. செண்பகமோ, கீரியோ, சாரைப்பாம்போ, கண்டவர் எவருமில்லை. குஞ்சுகள் பறந்துவிட்டன என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவன் எடுத்த படமே அதை மறுத்தது. குஞ்சுகளின் சிறகுகள் இன்னும் உறையை விட்டு வெளிவராமல் முட்களைப் போலவே நின்றன.

அந்தப் படம் பின்னர் மாணவர் கண்காட்சி ஒன்றிலே வைக்கப்பட்டது. பார்த்தோர் எல்லாரும் வியந்தனர். தாய்மையின் சித்திரம் என்றார் ஒருவர். இத்தகைய படத்துக்கு எத்துணைப் பொறுமை வேண்டும் என்றார் இன்னொருவர். அவன் அந்தப் பாராட்டுகளுடன் ஊர் திரும்பி, பெரிதாக அச்சிட்ட பிரதியொன்றை அப்பாயியிடம் காட்டினான். நாற்பது ஆண்டுகள் அதே மலைகளில் கொழுந்து பறித்து ஓய்ந்தவள் அவள். படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி வெகுநேரம் பார்த்தாள்.

"வங்கு வாயில புல்லு இருக்குமே ராசா, அது எங்க?" என்றாள்.

அவன் பதில் சொல்லவில்லை.

"குஞ்சு பறந்துருச்சா?"

அதற்கும் அவன் பதில் சொல்லவில்லை. அவள் படத்தை அவன் கையிலே திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குச் சென்றாள்.

பல்கலைக்கழக நூலகத்திலே பாடப்புத்தகங்களுக்கு அப்பாற்பட்ட அலுமாரிகளை அவன் தேடத் தொடங்கியது அதற்குப் பின்னரே. தான் செய்த பிழையை மற்றோரும் செய்திருக்கின்றார்களா, செய்தவர்கள் அதிலிருந்து என்ன கற்றார்கள் என்பதை அறிய வேண்டும் என்ற தவிப்பே அதற்குக் காரணம்.

பறவையை விரும்புவதன் பொருள் காலத்துக்குக் காலம் மாறி வந்திருப்பதை அவன் கண்டான். வின்சென்ற் லெக் என்னும் பிரித்தானிய இராணுவ அதிகாரி இலங்கைப் பறவைகளைப் பற்றிய பெருநூலை 1880 இல் வெளியிட்ட காலத்தில், பறவை ஆராய்ச்சியின் கருவிகள் துப்பாக்கியும் முட்டைப் பெட்டியுமே. சுட்டுப் பதப்படுத்திய தோலும், துளையிட்டு ஊதி வெறுமையாக்கிய முட்டையுமே அறிவுக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டன. கண்டியிலும் கொழும்பிலும் மட்டுமன்றி உலகெங்கும் அந்நாளில் அதுவே வழக்கம். அக்காலத்தவரைக் கொடியவர் என்று தள்ளிவிடுவது எளிது. அவர்களுடைய அளவைகளும் குறிப்புகளும் இல்லாவிடின் பின்வந்தோரின் அறிவும் இல்லை என்பதை மறத்தலாகாது.

மாற்றம் ஒரு சிறிய நிகழ்ச்சியில் தொடங்கியது. 1892 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ரிச்சட் கியற்றன், செறி கியற்றன் என்னும் சகோதரர் இருவர் முட்டைகளுடன் கூடிய ஒரு பறவைக் கூட்டைப் படமெடுத்தனர். 1895 இல் அவர்களுடைய கூடுகள் பற்றிய நூல், களத்தில் எடுத்த நிழற்படங்களுடனேயே வெளிவந்தது. முட்டையை எடுத்துச் செல்லாமலே அதன் உருவத்தை எடுத்துச் செல்லலாம் என்பது அன்றைக்குப் பெரியதொரு விடுதலை. பறவையின் கண்ணில் படாமல் இருப்பதற்காக அச்சகோதரர்கள் எருதின் தோலினாற் பொய்யுருவம் ஒன்றைச் செய்து அதன் வயிற்றுக்குள்ளே கமராவுடன் ஒளிந்திருந்தனர். இன்றைக்கு நகைப்பூட்டும் இச்செய்கையில் ஒரு பெரிய ஒப்புதல் உண்டு. மனிதன் மனிதனாகவே கூட்டருகிற் சென்று நின்றால் பறவையின் வாழ்வு குலையும் என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

அவர்களுக்குப் பின்வந்த எரிக் ஹொஸ்கிங் 1937 இல் ஆந்தைக் கூடொன்றைப் படமெடுக்க முயன்றபோது, தாய் ஆந்தை இரவிலே தாக்கியதால் ஒரு கண்ணை இழந்தார். ஆந்தையின்மேல் அவர் வஞ்சம் கொள்ளவில்லை. மறைவிடங்களில் இருந்து படமெடுக்கும் கலையை வாழ்நாள் முழுவதும் வளர்த்தார். தமது தன்வரலாற்று நூலுக்கும் கண்ணையே பெயரில் வைத்தார். கூட்டுப் பறவை தற்காத்துக்கொண்டதற்கு மனிதன் விலை கொடுத்த நிகழ்ச்சி இது ஒன்று. மனிதன் அணுகியதற்குப் பறவை விலை கொடுத்த நிகழ்ச்சிகளை எழுதிவைத்தோர் அரிது. பிரித்தானியாவிலே 1981 ஆம் ஆண்டின் சட்டம், அரிய இனப் பறவைகளைக் கூட்டிலே அனுமதியின்றிக் குழப்புவதைக் குற்றமாக்கியது. இலங்கையில் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் பெரும்பாலான பறவைகளுக்கும் அவற்றின் முட்டைகளுக்கும் காவல் அளிக்கின்றது. சட்டம் முட்டையை எடுப்பவனைத் தடுக்கலாம். புல்லை அரிபவனைத் தடுப்பதற்கு அவன் மனமே வேண்டும்.

இவ்வறிவு மேல்நாட்டார் கொண்டுவந்து தந்தது என்று எண்ணவும் வேண்டியதில்லை. அகநானூற்றின் நான்காம் பாட்டைத் தமிழ் பயிலும் மாணவர் அறிவர். கார்காலத்திற் பூத்த காட்டின் வழியே தலைவன் தேரில் மீள்கின்றான். துணையுடன் பூவிலே தங்கியிருக்கும் வண்டுகள் தேர்மணியின் ஓசைக்கு அஞ்சிப் பிரிந்துவிடுமோ என்று கருதி, மணிகளின் நாவை இயங்காமற் கட்டிவிடுகின்றான். அவ்விடத்தே குறுங்குடி மருதனார் வண்டைக் குறிக்க ஆளும் சொல்லும் பறவை என்பதே. தலைவனுக்கு வீடு சேரும் விரைவு இருந்தது. அவனுக்காகக் காத்திருந்தவளும் இருந்தாள். விரைவைக் குறைக்காமலே ஓசையைக் குறைக்க அவன் வழி கண்டான். அந்தப் பாடலைப் பரீட்சைக்காக இரண்டு முறை எழுதிய இளைஞன், மூன்றாம் முறை படித்தபொழுதே அதன் பொருள் தனக்கு விளங்கியதாக நண்பரிடம் சொன்னான்.

இயற்கை பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய மா. கிருஷ்ணனின் கட்டுரைகளும் அவன் கைக்குக் கிட்டின. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான அவர், 1950 முதல் 1996 இல் மறையும்வரை ஆங்கில நாளிதழ் ஒன்றிலே இடையறாது இயற்கைக் குறிப்புகளை எழுதியவர். கறுப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தவர். காட்டு விலங்கைக் காண்பதற்கு நெடுநேரம் அதன் போக்கிலே செல்ல வேண்டும் என்பதை அவர் எழுத்தின் ஒவ்வொரு பக்கமும் உணர்த்துகின்றது. இலங்கையிலும் இத்தகையோர் இருந்தனர். கந்தப்பொளையில் தேயிலைத் தோட்டமொன்றிலே 1891 இல் பிறந்த ஜி. எம். ஹென்றி, 1955 இல் வெளிவந்த தமது இலங்கைப் பறவைகள் வழிகாட்டிக்குத் தாமே சித்திரங்களை வரைந்தார். தூரிகை கூட்டருகே செல்ல அவசரப்படுவதில்லை. கமராவுக்கோ அந்த அவசரம் உடன்பிறந்தது.

அப்படியாயின் கூட்டைப் படமெடுக்காமலே விட்டுவிடுவது நன்றன்றோ என்ற வினா எழும். அவ்வாறு சொல்வோர் இன்று பலர் உளர். இந்தியாவில் இயற்கைப் படப் போட்டிகள் சில கூட்டுப் படங்களை ஏற்பதில்லை. கையடக்கத் தொலைபேசிகளும் நீண்ட வில்லைகளும் பெருகிவிட்ட காலத்தில், ஒரு கூடு இருக்கும் இடம் ஒருவருக்குத் தெரிந்தால் மாலைக்குள் நூறு பேருக்குத் தெரிந்துவிடும். படத்தினுள்ளேயே இடத்தின் அகலாங்கும் நெட்டாங்கும் பதிந்து செல்வதும் உண்டு. முதலாமவன் கவனமாக இருந்தாலும் நூறாமவன் அவ்வாறு இருப்பான் என்பதற்கு உறுதியில்லை. இக்கூற்றில் உள்ள நியாயத்தை மறுக்க முடியாது.

எனினும் மறுபக்கத்துக்கும் ஒரு சான்று உண்டு. தமிழ்நாட்டில் சிவகங்கை மாவட்டத்திலே பொத்தகுடி என்றொரு கிராமம். 2020 ஆம் ஆண்டிலே அவ்வூர்த் தெருவிளக்குகளின் ஆளிப் பெட்டிக்குள் ஒரு சிறு பறவை கூடு கட்டி முட்டையிட்டது. விளக்கேற்றும் பொறுப்பை ஏற்றிருந்த இளைஞர் அதைக் கண்டு, படமெடுத்து, ஊராரின் தொலைபேசிக் குழுவுக்கு அனுப்பினார். ஆளியைத் தொட்டால் கூடு குலையும் என்பதால், குஞ்சுகள் பறக்கும்வரை விளக்குகளை ஏற்றுவதில்லை என்று ஊர் முடிவு செய்தது. எதிர்த்துப் பேசியோரும் இருந்தனர். பின்னர் அவர்களும் இணங்கினர். ஏறத்தாழ நாற்பது நாள் தெருக்கள் இருளிற் கிடந்தன. மக்கள் கைவிளக்குடன் நடந்தார்கள். அந்த ஊரை இருளுக்கு இணங்கச் செய்ததில் ஒரு படத்துக்கும் பங்கு உண்டு. கண்ணால் கண்ட முட்டையைப் புறக்கணிப்பது கேள்விப்பட்ட முட்டையைப் புறக்கணிப்பது போல் எளிதன்று.

ஆகவே வினா படமெடுப்பதா விடுவதா என்பதில் நிற்கவில்லை. படத்துக்குரிய செலவு யாருடைய கணக்கில் எழுதப்படுகின்றது என்பதிலே நிற்கின்றது. பொத்தகுடியில் ஊரவர் தம் கணக்கில் எழுதிக்கொண்டனர். பண்டாரவளைத் திட்டிலே அது குஞ்சுகளின் கணக்கில் எழுதப்பட்டது.

கூட்டுப் படக்கலையின் முறைகள் யாவும் இந்தக் கணக்கைப் பறவையின் பக்கத்திலிருந்து மனிதனின் பக்கத்துக்கு மாற்றும் முறைகளே. கூடு கட்டும் நாட்களிலும் முட்டையிடும் நாட்களிலும் அணுகுதல் ஆகாது; அப்பொழுது சிறு குழப்பம் ஏற்பட்டாலும் பறவை கூட்டைக் கைவிட்டுவிடும். முட்டைகள் குளிர்ந்தாலும் உள்ளிருக்கும் உயிர் பிழைக்காது. மலைநாட்டுப் பனியில் அதற்கு நெடுநேரம் வேண்டியதில்லை. குஞ்சு பொரித்துச் சில நாள் சென்றபின் பெற்றோரின் பிணைப்பு உறுதிப்படும். ஆயின் பறக்கும் தறுவாயில் மீண்டும் ஆபத்து உண்டு. அஞ்சிய குஞ்சுகள் உரிய நாளுக்கு முன்னரே வெளியே பாய்ந்துவிடும். இடைப்பட்ட சில நாட்களே மனிதனுக்கு உரியவை. அந்நாட்களிலும் மறைவிடத்தை முதலில் தூரத்தே நிறுத்தி, பறவை அதைப் பொருட்படுத்தாமல் இரையூட்டுவதைக் கண்ட பின்னரே சிறிது சிறிதாக முன்னகர்த்துதல் வேண்டும். அரை மணி நேரத்துக்குள் பறவை திரும்பவில்லையாயின் அன்றைக்குப் படம் இல்லை. மறைப்பாக உள்ள புல்லையும் இலையையும் வெட்டலாகாது. அவை வெயிலுக்குக் குடை, மழைக்குக் கூரை, பகையின் கண்ணுக்குத் திரை. தினமும் ஒரே வழியாக நடந்தால் மிதிபட்ட புல் பாம்புக்கும் கீரிக்கும் பாதை காட்டும். இன்னொரு முறையும் பழைய படப்பிடிப்பாளர்கள் அறிந்தது: மறைவிடத்துக்கு இருவர் செல்ல வேண்டும், ஒருவர் உள்ளே புக, மற்றவர் பறவை காணத் திரும்பி நடக்க வேண்டும். வந்தவர் போய்விட்டார் என்று அது ஆறுதல் கொள்ளும்.

அடுத்த ஆண்டு பங்குனி விடுமுறையில் அவன் மீண்டும் வந்தான். வேறொரு மலையின் திட்டிலே கூடு இருந்தது. பெண் பறவை உள்ளே சென்று நெடுநேரம் வெளிவராததைத் தூரத்திலிருந்து கண்டு, அடைகாக்கின்றது என்று கணித்து, அருகே செல்லாமற் பத்து நாள் விட்டுவிட்டான். இரையுடன் இரு பறவைகளும் வரத் தொடங்கிய பின், மூங்கிற் கழிகளை நட்டு, அப்பாயி கொழுந்து பறித்த காலத்திலே இடையிற் கட்டிய பழைய படங்குகளைத் தைத்து மறைவிடம் அமைத்தான். முதல் நாள் இருபது மீற்றர் தூரம். மூன்றாம் நாள் பதினான்கு. ஆறாம் நாள் எட்டு. அதற்குமேல் செல்லவில்லை, நண்பன் கொடுத்த நீண்ட வில்லை ஒன்று இம்முறை இருந்தது.

உடன் வந்து திரும்பிச் செல்லும் இரண்டாமவர் அப்பாயியே. காலையில் இருவரும் பேசிக்கொண்டே பாதையில் வருவர். அவன் படங்குக்குள்ளே புகுவான். அவள் பேச்சை நிறுத்தாமல், பேரன் இன்னும் பக்கத்திலே நடப்பதுபோல் ஏதேதோ சொல்லிக்கொண்டு வளைவு திரும்பி மறைவாள். அவள் போன சிறிது நேரத்திற் பறவை இரையுடன் இறங்கும்.

ஒருநாள் வழியிலே அவள் சொன்னாள். பண்டாரவளைக்கு வரும் உல்லாசப் பிரயாணிகள் பாதையோரத்தில் வாகனத்தை நிறுத்தி, கொழுந்து பறிக்கும் பெண்களைப் படமெடுப்பது அன்றாடக் காட்சி. அவளையும் எத்தனையோ பேர் எடுத்திருக்கின்றார்கள்.

"அது போகட்டும். எங்க அக்கா இந்தியாவுக்குப் போன அன்னைக்கு, டேசன்ல ஒருத்தன் படம் புடிச்சான். நாங்க கட்டிக்கிட்டு அழுதுக்கிட்டு நிக்கிறோம். கிட்ட வந்து, சுத்திச் சுத்திப் புடிச்சான். ஒரு வார்த்தை கேக்கல. அந்தப் படம் எங்க கெடக்கோ. எங்கிட்ட அக்கா படம் ஒண்ணுகூட இல்ல ராசா."

1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி மலையகத்திலிருந்து குடும்பங்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டபோது, அவர்களை ஏற்றிச் சென்ற புகைவண்டியை மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். அன்று பிரிந்த தமக்கையை அப்பாயி பின்னர் காணவில்லை. இளைஞன் அக்கதையை முன்பும் கேட்டிருக்கின்றான். படமெடுத்தவனைப் பற்றி அன்றுதான் முதன்முறையாகக் கேட்டான். அவள் அவனுடைய முதற்படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குச் சென்றது ஏன் என்பது அவனுக்கு அப்பொழுது விளங்கியது.

மறைவிடம் எட்டு மீற்றருக்கு வந்த நாள், எதிர்பாராது முற்பகலிலேயே வானம் கறுத்தது. அவன் இரண்டு படமே எடுத்திருந்தான். முதல் துளிகள் விழுந்தவுடன் பெண் பறவை வங்குக்குள் நுழைந்து குஞ்சுகளின்மேல் அமர்ந்துகொண்டது. காற்றுடன் மழை வலுத்தது. பழைய படங்கு ஒழுகத் தொடங்கியது. எழுந்து ஓடினால் ஐந்து நிமிடத்தில் லயத்தை அடையலாம். ஆயின் அவன் எழுந்தால் பறவையும் எழும். சிறகு முளைக்காத குஞ்சுகள் அந்தக் குளிரிலே திறந்து கிடக்கும். அவன் கமராவைப் பையிலே இட்டுக் கட்டி மடிக்குள் வைத்துக்கொண்டு, நனைந்தபடி அசையாமல் இருந்தான். படமெடுக்க ஏதுமில்லை, வங்கின் வாயில் புல் மட்டுமே மழையில் ஆடிக்கொண்டிருந்தது.

ஒரு மணி நேரம் கழிந்தபின் பாதை வளைவில் ஒரு குடை தோன்றியது. பேரனைத் தேடி அப்பாயி வந்திருந்தாள். அவன் குரல் கொடுக்க முடியாது, கையசைக்கவும் முடியாது. அவள் அங்கேயே நின்றாள். படங்கையும் திட்டையும் மாறிமாறிப் பார்த்தாள். பின் ஒரு சொல்லும் பேசாமல், வந்த வழியே மெல்லத் திரும்பி நடந்தாள். மழை ஓய இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அவனுக்கு மூன்று நாள் காய்ச்சல்.

காய்ச்சலின் பின் ஒரு காலையில் எடுத்ததே அவ்வாண்டின் படம். ஆண் பறவை புழுவுடன் வங்கின் வாயில் நிற்கின்றது. ஒரு புல்லின் இதழ் அதன் மார்பைக் குறுக்கே மறைக்கின்றது. குஞ்சுகள் தெரியவில்லை, உள்ளே இருள். வாரமொன்றின் பின் குஞ்சுகள் வெளிவந்து தேயிலைத் தூர்களுக்கிடையே தத்தித் திரிந்ததையும், பெற்றோர் அவற்றைத் தொடர்ந்து ஊட்டியதையும் அவன் பாதையிலிருந்து பார்த்தான். அதைப் படமெடுக்கவில்லை. மறைவிடத்தைப் பிரித்து, கழி நட்ட குழிகளை மண்ணிட்டு மூடிய பின், அங்கே ஒருவன் நாட்கணக்கில் இருந்தான் என்று சொல்ல அடையாளம் எதுவும் எஞ்சவில்லை.

அப்பாயி இந்தப் படத்தையும் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். புல்லின்மேல் விரலை வைத்தாள். பின்னர் அதைத் தன் தகரப் பெட்டியிலே, அடையாள அட்டையும் சேமலாபநிதிக் கடிதங்களும் இருக்கும் உறைக்குள் வைத்துக்கொண்டாள்.

முதற்படம் இன்றும் அவனுடைய விடுதி அறையிலே இருக்கின்றது. அதை அவன் கிழித்துவிடவில்லை. பார்ப்போர் இன்றும் வியக்கின்றனர். அதன் தெளிவையும், மூன்று சிவந்த வாய்களையும், தாய்ப்பறவையின் விரிந்த சிறகையும் புகழ்கின்றனர். புகழ்வோரிடம் புல்லை அரிந்ததையும் மறுநாட்காலை கண்டதையும் அவன் இப்பொழுது சொல்லிவிடுகின்றான். புகழ்ச்சி அத்துடன் நின்றுவிடுகின்றது.